அடையாறு முகத்துவாரமும் அதன் தென்கரையும்

நம் கல்லூரியில் வெளியூர் நண்பர்கள் பலர் படிக்கின்றனர். விடுமுறை நாளில் எங்கே போகலாம் என்று கேட்டால் மெரினா, திரையரங்கு, தியாகராய நகர் ஆகிய மூன்றைத் தவிர நான்காவதாக ஓர் இடம் அவர்கள் வாயில் வருவதில்லை. சென்னையின் தென்கிழக்கே, ஓசை குறைந்த ஒரு பகுதி உண்டு. அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் தொடங்கி, பெசன்ட் நகர் வழியாகத் திருவான்மியூர் வரை செல்லும் கரையே அது. விலங்கியல் மாணவன் என்ற முறையிலும், அந்த ஆற்றின் வடகரைக் குப்பத்தில் பிறந்தவன் என்ற முறையிலும் அதைப் பற்றிச் சிறிது எழுத விழைகிறேன்.

வடகரையில் பிறந்தவன் தென்கரையைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். சிறு வயதில் எனக்குத் தென்கரை என்பது எதிரில் தெரியும் தோப்புதான். ஆற்றின் வாயில் 1967-இல் கட்டப்பட்டு 1977-இல் வெள்ளத்தில் இடிந்த பாலத்தின் மிச்சம் இன்றும் நிற்கிறது. ‘உடைந்த பாலம்’ என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். திரைப்படம் எடுப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அது இடியாமல் இருந்த பத்தாண்டுகளில் என் ஆயா கூடையைத் தலையில் வைத்து அதன் மேல் நடந்து போய் அக்கரையில் மீன் விற்றவர். பாலம் போன பிறகு திரு.வி.க. பாலம் வரை சுற்ற வேண்டியதாயிற்று. “ஆறு குறுக்கே வந்துட்டுது” என்று ஆயா சொல்வார். ஆறு எப்போதும் அங்கேதான் இருந்தது என்று அவரிடம் யாரும் வாதாடியதில்லை.

முதலில் இந்த முகத்துவாரத்தின் இயல்பைப் பார்ப்போம். ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஓடி வரும் ஆறு, கோடையில் கடலைத் தொடாமலே நின்றுவிடுவதை நண்பர்கள் கவனித்திருப்பீர்கள். வாயில் ஒரு மணல்மேடு அடைத்துக்கொள்ளும். இதற்குக் காரணம் மணல் ஓரிடத்தில் நில்லாமல் கரையோரமாக நடப்பதாகும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்கி மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே நகர்த்துகின்றன. வடக்கே போகும் காலம் நீண்டது. ஆகவே ஆண்டுக் கணக்கில் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்தபோது இந்த மணல் தடுக்கப்பட்டுத் தெற்கே குவிந்தது. மெரினாவின் அகலம் அவ்வாறு கிடைத்ததே. வடக்கே இராயபுரம் பக்கம் வரவேண்டிய மணல் வராமல் கடல் ஊரைத் தின்றது. ஓரிடத்தின் அழகுக்கு வேறோர் இடம் விலை கொடுத்திருக்கிறது.

ஆற்றில் நீர் வேகமாக ஓடும் மழைக்காலத்தில் மணல்மேடு உடையும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அது இருந்த சுவடே தெரியவில்லை. கோடையில் மீண்டும் வளரும். வாய் அடைபட்டால் கடல் ஓதம் உள்ளே ஏறாது. நகரத்தின் கழிவு தேங்கும். மீன்கள் செத்து மிதக்கும். இயந்திரங்களைக் கொண்டு வாயைத் திறந்துவிடுவதும், கடல் மீண்டும் மூடுவதும் தொடர்ந்து நடக்கும் போராட்டம்.

செப்டம்பர் முதல் மார்ச் வரை, ஓதம் வற்றிய காலை வேளையில், உடைந்த பாலத்தின் தென்புறம் போய் நில்லுங்கள். சேற்றுத் திட்டுகளில் உள்ளான்கள் அலகால் துழாவிக்கொண்டிருக்கும். சிவந்த நீண்ட கால்களுடன் பவளக்காலி நிற்கும். ஆலாக்கள் காற்றில் நின்று தலைகீழாக நீரில் விழும். பறவை நோக்குவதற்குப் பைனாகுலர் வேண்டும் என்று அஞ்ச வேண்டா, என்னிடமும் இல்லை. வெயில் ஏறுமுன் போவதும், வாயை மூடிக்கொண்டு நிற்பதும் போதும். இரண்டாவது நிபந்தனை நம் வகுப்பு நண்பர்களுக்குச் சற்றுக் கடினம்.

முகத்துவாரத்தை ஒட்டிய தோப்பு பிரம்மஞான சபையினுடையது. 1882-இல் அவர்களுடைய தலைமையகம் அடையாற்றுக்கு வந்தது. அங்குள்ள ஆலமரத்தின் வயது ஏறத்தாழ 450 ஆண்டுகள் என்பர். 1989-இல் அடித்த புயலில் அதன் தாய் மரம் சாய்ந்துவிட்டது. ஆயினும் மரம் சாகவில்லை. விழுதுகள் மண்ணைத் தொட்டு வேர்பிடித்துத் தாங்களே அடிமரங்களாகிக் கிளைகளுக்கு நீரும் தாங்குதலும் தந்துகொண்டிருந்தமையே காரணம். நான் முதன்முதலாக அதைப் பார்த்தது சென்ற ஆண்டு, துறைப் பேராசிரியருடன் போனபோதுதான். என் வீட்டிலிருந்து நேராகப் பறந்தால் ஒரு கிலோமீட்டர்கூட இராது. பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. உள்ளே போகும் நேரத்தை வாயிலில் கேட்டறிந்து செல்வது நலம்.

இந்தப் பகுதி அமைதியாக இருப்பதற்குக் காரணம் அதன் சுவர்களே என்பது என் கருத்து. பிரம்மஞான சபையின் தோட்டம், 1936-இல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிப் பின்னர் திருவான்மியூருக்கு மாறிய கலாக்ஷேத்திரம், சற்று மேற்கே ஆளுநர் மாளிகை, ஐ.ஐ.டி., அவற்றை ஒட்டிய கிண்டிக் காடு என்று பெரிய நிலங்கள் வேலிக்குள் இருந்ததால் மரங்கள் பிழைத்தன. கிண்டித் தேசியப் பூங்கா 3 சதுர கிலோமீட்டருக்கும் குறைவுதான். நகரத்தின் நடுவே வெளிமான் துள்ளும் காடு வேறு எங்கும் எளிதில் காணக் கிடைக்காது. அதன் பக்கத்திலேயே பாம்புப் பண்ணையும் உண்டு. வேலி இல்லாவிட்டால் இவையெல்லாம் அடுக்குமாடிகளாக மாறியிருக்கும். வேலிக்கு வெளியே நின்றவன் என்பதால் அதைக் குறை சொல்லவும் எனக்கு ஆசை உண்டு. ஆலமரத்தைப் பார்த்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வாயிலும் காவலாளியும் இல்லாத இடம் கடற்கரை ஒன்றே. எலியட்ஸ் கடற்கரை என்று பெயர். அங்கே வெண்ணிறத்தில் ஒரு மண்டபம் நிற்கிறது. அதன் நிழலில் சுண்டல் தின்போர் பலருக்கு அது எதற்கு என்று தெரியாது. 1930-இல் கடலில் மூழ்கிய ஒருவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட ஷ்மிட் என்னும் டென்மார்க் நாட்டவரின் நினைவாக எழுப்பப்பட்டது. அதன் எதிரிலேயே ஆண்டுதோறும் மாணவர்கள் கடலில் இறங்கி உயிரிழப்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அலைகள் கரையில் குவிக்கும் நீர், ஏதேனும் ஓரிடத்தில் வாய்க்கால்போல் கூடி வேகமாகத் திரும்பி ஓடும். அவ்விடத்தில் அலை உடையாது. பார்ப்பதற்கு மற்ற இடங்களைவிட அமைதியாகத் தோன்றும். அதை நம்பி இறங்குகிறோம். அகப்பட்டுக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. கரைக்கு இணையாக நீந்தி இழுப்பைவிட்டு வெளியேறிய பின்னரே கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர்கள் சுண்டலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மணலின் மேற்பரப்பில் அடும்புக் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்திருக்கும். நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் அடும்பை மறக்கவில்லை. இவை மணலைப் பிடித்து நிறுத்தும் செடிகள். துப்புரவு என்ற பெயரில் இவற்றைப் பிடுங்குவது தவறு.

இனி இக்கரையின் தலையாய விருந்தாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. தாய் ஆமை ஏறத்தாழ 40 கிலோ எடை இருக்கும். பின்கால்களால் ஒன்றரை அடி ஆழத்தில் குடம்போன்ற குழி தோண்டி நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டு, திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடும். மணலின் சூடே அடைகாக்கும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். மணல் சூடு மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும் என்பது விலங்கியல் மாணவரை வியக்கவைக்கும் செய்தி. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிச் செல்லும். இருண்ட கரையில் கடலின் வானவிளிம்பே வெளிச்சம். விளக்கேற்றிய நகரத்தில் சாலைதான் வெளிச்சம். அதனால்தான் முட்டைகளைக் குஞ்சுப் பொரிப்பகத்திற்கு மாற்றுகிறார்கள். இட்ட சில மணி நேரத்திற்குள் மாற்றிவிட வேண்டும். காலம் கடந்து அசைத்தால் உள்ளே கரு அழிந்துவிடும்.

1970-களில் தொடங்கிய ஆமை நடையை, 1988 முதல் மாணவர்கள் அமைத்த ஒரு குழு இடைவிடாமல் நடத்தி வருகிறது. சென்ற பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் நாங்கள் பன்னிரண்டு பேர் நடந்தோம். நள்ளிரவுக்குப் பின் ஒரு தடம் கிடைத்தது. கோல் நுழைத்து மணலின் இளக்கத்தைப் பார்த்துத் தோண்டினார்கள். 119 முட்டைகள். எண்ணி எண்ணிப் பையில் வைக்கும் வேலையை எனக்குத் தந்தார்கள். பிங்பாங் பந்து போன்றவை. ஆனால் மென்மையானவை, வெதுவெதுப்பானவை. அதற்கு முன்பும் பின்பும் செத்த ஆமைகள் இரண்டைக் கடந்தோம். உடலில் காயமில்லை. கண்கள் புடைத்திருந்தன.

ஆமைக்கு நுரையீரல் உண்டு. மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகுகளின் இழுவலையில் சிக்கினால் வர முடியாது, மூச்சடைத்துச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது என்பது விதி. ஆமை மட்டும் தப்பிச் செல்லும்படி வலையில் பொருத்தும் கருவியும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. ஆனால் அதற்குள் ஆமைகளின் பருவம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

இவ்வளவையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது என் தாய்மாமன் உட்கார்ந்திருந்தார். காசிமேட்டில் விசைப்படகில் கூலிப் பங்குக்குப் போகிறவர். என் முதலாண்டுக் கட்டணத்தில் பாதி அவர் கொடுத்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதில் என்னைவிட அவருக்கே பெருமை அதிகம். செத்த ஆமைகளைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை.

“டேய், ஆமை மாட்டணும்னு எவன்டா வலை போடறான்? ரெண்டு மூணு மணி நேரம் இழுத்துட்டுத்தான் தூக்கறோம். தூக்கறப்போ உள்ளே அது செத்துக் கிடக்கும். கும்பிட்டுட்டுக் கடல்லயே விட்டுடுவோம்” என்றார்.

“அந்தக் கருவியை வெச்சா என்ன மாமா?”

“வெச்சா மீனும் சேந்து போவுதுன்னு ஓனர் சொல்றாரு. போறது அவருக்கு மட்டுமா? எங்க பங்குலயுந்தானே கழியுது. கிட்ட வராதேன்னு சட்டம். தூரம் போனா டீசல். நீ படிச்சவன், எழுது. ஆனா வலை இழுத்தவனை மட்டும் எழுதாதே.”

அதனால்தான் இக்கட்டுரையில் அவர் சொன்னதையும் எழுதியிருக்கிறேன். எனக்கு அவரிடம் பதில் இல்லை. அரசு கருவியின் விலையை ஏற்பதோடு நில்லாமல், தப்பும் மீனுக்கும் ஏதேனும் ஈடு செய்தால் படகில் போகிறவர்கள் மறுக்கமாட்டார்கள் என்று மட்டும் தோன்றுகிறது. பொருளியல் துறை நண்பர்கள் யாரேனும் இதைக் கணக்கிட்டுப் பார்த்தால், காசிமேட்டில் ஆட்களைப் பேசவைக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

வரும் ஜனவரியில் நடை மீண்டும் தொடங்கும். வர விரும்புவோர் என்னிடம் பெயர் கொடுக்கலாம். செருப்பு வேண்டா, டார்ச் வேண்டா, தண்ணீர் கட்டாயம். மாமாவையும் அழைத்திருக்கிறேன். சனிக்கிழமை படகு கரையில் இருந்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.