வலசைப் பறவைகளைக் காணச் சென்றோம்



சென்ற அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுடனும் பெற்றோர் சிலருடனும் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குச் சென்றோம். மலாவத்தி குன்றுக்கும் கடலுக்கும் இடையே 1987-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட பூங்கா அது. குன்றிலுள்ள குரங்குகளிடமிருந்து மாணவர்களைப் பிரித்து அழைத்து வரவே அரைமணி நேரம் ஆயிற்று!

கடல்நீர் வற்றும் வேளை பார்த்தே பயண நாளைக் குறித்திருந்தேன். நீர் பின்வாங்கினால்தான் சேற்றுவெளி தெரியும். சேறு தெரிந்தால்தான் பறவைகள் உண்ண வரும்.

"வெறும் சேறுதானே, ஐயா?" என்றார் ஒரு தாயார்.

அச்சேற்றினுள் புழுக்களும் நண்டுகளும் சிப்பிகளும் நிறைந்துள்ளன. உப்புக்கொத்தியின் அலகு குட்டையானது. ஆதலால் அது ஓடி ஓடி நின்று, மேலே கண்ணுக்குத் தென்படுவதைக் கொத்துகிறது. சிவந்த கால்களையுடைய பவளக்காலி சற்று ஆழத்தில் துழாவுகிறது. கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுடைய பெரிய பறவையோ, வளைக்குள் பதுங்கிய நண்டையே இழுத்தெடுக்கிறது. ஒரே பந்தியில் அமர்ந்தாலும், பெரும்பாலும் ஒன்றின் இலையில் மற்றொன்று கைவைப்பதில்லை.

இவை சைபீரியா போன்ற வடநிலங்களில் குஞ்சு பொரித்து, அங்குக் கடுங்குளிர் வருமுன் புறப்பட்டு, செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை நம் கரைகளில் தங்குகின்றன. சில இங்கு இளைப்பாறி மேலும் தெற்கே செல்கின்றன. இவற்றின் உறவான பட்டைவால் மூக்கன் இனப் பறவையொன்று, 2022-ஆம் ஆண்டு அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர் தொலைவை 11 நாள்களில் எங்கும் இறங்காமல் கடந்தது. அப்போது அதன் வயது ஐந்து மாதமே! உடலில் சேர்த்த கொழுப்பே அதற்கு எரிபொருள்.

இதனை நான் விளக்கிக்கொண்டிருக்கையில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பலமாகக் கைதட்டினான். பறவைக்கூட்டம் முழுவதும் மேலெழுந்தது. மற்ற மாணவர்கள் ஆரவாரித்தனர். எனக்குக் கோபம் வரவில்லை. சிறுவயதில் லாஸ்டிக்கும் கையுமாகத் திரிந்தவன்தானே நானும்! அவனை அருகழைத்து, "குலை வெட்டித் திரும்பிய உன் அப்பா சோற்றில் கைவைக்கும் நேரத்தில் எவரேனும் விரட்டினால் என்ன செய்வார்?" என்று கேட்டேன். நீர் ஏறினால் சேறு மூடிவிடும். உண்ணக் கிடைப்பது சில மணி நேரமே. வீணே பறந்தால் சேர்த்த கொழுப்பும் கரையும். அவன் பதில் கூறவில்லை.

பறவைகள் மீண்டும் இறங்கக் கால்மணி நேரம் பிடித்தது. அப்போது, பேருந்தில் தங்கிவிட்ட அவனுடைய தந்தையார், "எங்கேடா பறவை?" என்று உரக்கக் கேட்டவாறு வந்தார்.

சிறுவன் உதட்டில் விரலை வைத்தான். "மெதுவா வாங்கப்பா! சாப்பிடுதுங்க."