முக்கண் ப்ரொஜெக்டர்: பழையது வாங்குமுன் பார்க்க வேண்டியவை

எங்கள் வீட்டு பேஸ்மென்டில் முதன்முதலாகப் படம் ஓட்டிய அன்று, ஓர் இரவுக் காட்சி வந்ததும் அறையே இருண்டுபோனது. "மாமா, மெஷின் ஆஃப் ஆயிடுச்சா?" என்று கேட்டான் மைத்துனன். ஆகவில்லை. அடுத்த நொடியில் திரையின் ஓரத்தில் ஒரு தீக்குச்சி உரசி எரிந்தது. அது மட்டும்தான் தெரிந்தது. எல்சிடி, டிஎல்பி ப்ரொஜெக்டர்களில் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதால் கறுப்பு என்பது சாம்பல் நிறமாகத்தான் வரும். எங்களுடையது நிறத்துக்கு ஒரு டியூப் வைத்த சிஆர்டி ப்ரொஜெக்டர்; இதில் கறுப்பு வர வேண்டிய இடத்தில் ஒளியே பிறப்பதில்லை. அந்தக் கறுப்புக்காகத்தான் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கண் வைத்த இந்தக் கனத்த பெட்டியை இன்றும் சிலர் தேடிப் போகிறோம்.

நான் இருப்பது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில். டொராண்டோவுக்கு மேற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் கிச்சனர் நகரம். புகழ்பெற்ற 'மார்க்கீ' வரிசை ப்ரொஜெக்டர்களை எலக்ட்ரோஹோம் நிறுவனம் செய்தது அந்த ஊரில்தான். 1999-இல் அந்தத் தொழிலை கிறிஸ்டி நிறுவனம் வாங்கிக்கொண்டது. அலுவலகக் கூட்ட அறைகளிலும் விமானப் பயிற்சிக் கூடங்களிலும் உழைத்து ஓய்ந்த பெட்டிகள் இன்னமும் அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன. தேடுகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்.

1. மெஷினைப் பார்க்கப் போகுமுன் உங்கள் அறையை டேப் வைத்து அளந்துவிடுங்கள். இதில் ஜூம் கிடையாது. திரையின் அகலத்தைப்போல ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு தூரத்தில், திரையின் நடுக்கோட்டுக்கு நேராக வைத்தே ஆக வேண்டும். சரியான கணக்கு மாடலுக்கு மாடல் மாறும்; அதன் கையேட்டில் இருக்கும். 8 அடி அகலத் திரைக்கு லென்ஸ் முனையிலிருந்து 10 முதல் 12 அடி, பெட்டியின் உடம்புக்கு இன்னும் ஒரு 3 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய திரைக்கு ஆசைப்பட வேண்டாம். முழு வெள்ளையில் இதன் வெளிச்சம் சில நூறு லூமன்தான். ஜன்னலை முழுக்க அடைக்க முடியாத அறை என்றால் இந்த யோசனையையே விட்டுவிடுவது நல்லது.

2. டியூபின் அளவைக் கேளுங்கள். 7, 8, 9 அங்குலம் என்று மூன்று வகை. சோனி விபிஎச்-1270 வரிசை 7 அங்குலம். மார்க்கீ 8500, சோனி ஜி70, பார்கோ கிராஃபிக்ஸ் 808 ஆகியவை 8. மார்க்கீ 9500, சோனி ஜி90, பார்கோ 1209 ஆகியவை 9. டிவிடி பார்க்க 7 அங்குலமே போதும். 720 வரிப் படம் 8 அங்குலத்தில் அருமையாக இருக்கும். 1080 வரிகளையும் பிரித்துக் காட்ட 9 அங்குலம்தான் சரி; ஆனால் எடை 100 கிலோவைத் தொடும் அல்லது தாண்டும். என்னைக் கேட்டால் வீட்டுக்கு 8 அங்குலம்தான் ஏற்றது.

3. எத்தனை கிலோஹெர்ட்ஸ் வரை (அதாவது, நொடிக்கு எத்தனை ஆயிரம் வரிகள் வரை) தாங்கும் என்பதைக் கேட்க மறக்காதீர்கள். பழைய வீடியோ ரகங்கள் 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அவை சாதாரண டிவி சிக்னலுக்கு மட்டும். 480பி படத்துக்கு 31.5, 1080ஐ படத்துக்கு 33.75, 720பி படத்துக்கு 45, நொடிக்கு 60 முறை வரும் 1080பி படத்துக்கு 67.5 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். சினிமா நொடிக்கு 24 படம் என்பதால், அதை மூன்றால் பெருக்கி 72-இல் ஓட்டினால் அசைவு வெண்ணெயாக வழுக்கும். 1080 வரியில் அதைச் செய்ய 81 கிலோஹெர்ட்ஸ் தேவைப்படும்.

4. "நான் வரும்வரை மெஷினைப் போடாதீர்கள்" என்று விற்பவரிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள். ஆறிக் கிடக்கும் மெஷின் முதல் அழுத்தலிலேயே உயிர்பெறுகிறதா என்று பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் சில நோய்கள் மறைந்துகொள்ளும். அடுத்த குறிப்புக்கும் மெஷின் அணைந்தே இருக்க வேண்டும்.

5. சந்தையில் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, இதற்கு டியூபைப் பார்க்க வேண்டும். லென்ஸ் மூடியைக் கழற்றி, ஒரு நல்ல டார்ச்சை லென்ஸுக்குள் சற்றுச் சாய்வாக அடியுங்கள். கண்ணை லென்ஸுக்கு அருகில் கொண்டுபோய், தலையை மெல்ல இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். அடியில், கிணற்றுக்குள் தெரிவதுபோல, டியூபின் முகம் தெரியும். உழைக்காத பாஸ்பர் பூச்சு வெளிறி, ஒரே சீராக இருக்கும். உழைத்தது நடுவில் செவ்வகமாகக் கறுத்தோ பழுப்பேறியோ இருக்கும்; அந்தச் செவ்வகத்துக்கு வெளியே, படமே விழாத ஓரம் மட்டும் புதுசுபோல வெளுத்திருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு தேய்மானம். மூன்று டியூபையும் பாருங்கள். முதலில் தேய்வது நீலம், அடுத்தது பச்சை. சிவப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். செவ்வகம் முழுக்க ஒரே சீராகத் தேய்ந்து, உங்கள் படமும் அதற்குள்ளேயே அடங்கினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அங்கங்கே எழுத்தும் கோடுமாகத் தீய்ந்திருந்தால் பேரம் பேசக்கூட நிற்காதீர்கள்.

6. மணிக் கணக்கு மீட்டரை நம்பி வாங்காதீர்கள். என் முதல் மெஷினில் 2,300 மணி என்று காட்டியது. அதைப் பார்த்தே மயங்கிவிட்டேன். டார்ச் அடித்துப் பார்க்கத் தோன்றவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, பகல் வானம் வரும் காட்சியைப் போட்டேன். நீல வானத்தின் குறுக்கே, கோடு போட்ட நோட்டுப் புத்தகம்போல ஆறேழு வரிகள் மங்கலாக நின்றன. ஏதோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் இரவும் பகலும் ஒரே அட்டவணையைக் காட்டிக்கொண்டிருந்த மெஷின் அது. மீட்டர் இருந்த சர்க்யூட் போர்டை இடையில் மாற்றியிருக்கிறார்கள். எண்ணிக்கை புதிதாகத் தொடங்கிவிட்டது. டியூபைத் தவிர மற்ற பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடலாம். அந்த நீல டியூபுக்கு மாற்றுத் தேடியே எனக்கு ஒரு வருஷம் போயிற்று.

7. மெஷினைப் போட்ட பிறகு அரை மணி நேரம் சூடாக விடுங்கள். பின் முழு வெள்ளைத் திரையை வரவழைத்து, ஒவ்வொரு நிறமாகத் தனியே பாருங்கள்; மற்ற இரண்டு நிறங்களை ரிமோட்டிலேயே அணைத்துவிடலாம், முடியாவிட்டால் லென்ஸை மூடிவிடலாம். நீலம் மட்டும் எரியும்போது படத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். பழைய படத்தின் எல்லைக்கு வெளியே பளிச்சென்றும் உள்ளே மங்கலாகவும் தெரிந்தால் தேய்மானம் கையோடு பிடிபட்டுவிடும். விற்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்த மெஷின்களோடு பழகியவர்கள் இதைச் செய்வீர்கள் என்று எதிர்பார்த்தே இருப்பார்கள்.

8. டியூபின் முகத்துக்கு முன்னால் சூடு தணிக்கும் திரவம் இருக்கும், கிளைக்கால் கலந்தது. ஊறுகாயில் பூசணம் பூப்பதுபோல இதிலும் பூக்கும். டார்ச் வெளிச்சத்தில் நூலாகவோ பஞ்சுத் துகளாகவோ மிதந்தால், அல்லது மொத்தமும் கலங்கலாகத் தெரிந்தால் அதுதான். படம் புகைமூட்டமாக வரும். கவலை வேண்டாம், திரவத்தை வடித்து, கழுவி, புதிது நிரப்பலாம். அந்த வேலைக்கு உண்டான பணத்தை விலையில் குறைத்துக் கேளுங்கள். டியூபுக்குக் கீழே பிசுபிசுப்பான கறை இருக்கிறதா என்றும் பாருங்கள், கசிவு இருந்தால் அங்கேதான் தெரியும்.

9. லென்ஸின் கடைசிக் கண்ணாடி அந்தத் திரவத்தையே தொட்டுக்கொண்டிருக்கும் ரகம் ஒன்று. நடுவில் காற்று இருக்கும் ரகம் இன்னொன்று. கறுப்பில் வெள்ளை எழுத்து ஓடும் டைட்டில் காட்சியைப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது ரகத்தில் எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் கட்டும். முதல் ரகம் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

10. கூர்மையைப் பச்சையில் பாருங்கள். திரைக்கு ஓர் அடி அருகே போய் நின்றால், டிவிடி படத்தில் வரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். நடுவில் கூர்மையாக இருந்து ஓரத்தில் மட்டும் மங்கினால் சரிசெய்வதில் உள்ள குறையாக இருக்கலாம். நீலம் லேசாக மங்கலாக இருந்தால் பயப்படாதீர்கள். நீலப் பாஸ்பரிலிருந்து கூடுதல் வெளிச்சம் பெறுவதற்காக வேண்டுமென்றே அப்படி வைப்பது வழக்கம்.

11. மூன்று நிறமும் பொருந்தாமல் கோடுகள் விலகி நிற்கின்றனவா? அதற்காக நல்ல மெஷினைக் கைவிடாதீர்கள். இடம் மாற்றினாலே எல்லாவற்றையும் மறுபடி பொருத்தத்தான் வேண்டும். முதல் தடவை இரண்டு மூன்று சாயங்காலங்கள் பிடிக்கும்.

12. கட்டம் போட்ட படத்தை இருட்டாகவும், பிறகு மிகப் பிரகாசமாகவும் மாற்றி மாற்றிப் போடுங்கள். பிரகாசம் கூடும்போது படம் மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கினால் உயர் மின்னழுத்தப் பகுதி சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். போட்டவுடன் லேசாகப் பொரிவது சகஜம். விட்டு விட்டுச் 'சட் சட்' என்று அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ மின்சாரம் தாவுகிறது.

ஆனால் மூடியைத் திறந்து விரலை விடாதீர்கள். உள்ளே ஓடுவது 30,000 வோல்ட்டுக்கும் மேல். அணைத்த பிறகும் தங்கியிருக்கும். தெரிந்த டெக்னீஷியன் மட்டுமே தொட வேண்டிய இடம் அது.

13. ரிமோட் இருக்கிறதா? பல மாடல்களில் அது இல்லாமல் எதையுமே சரிசெய்ய முடியாது. தனியாகத் தேடினால் சிரமம்.

14. இதில் எச்டிஎம்ஐ துளை இருக்காது. பின்னால் ஐந்து பிஎன்சி முனைகள் இருக்கும்: நிறத்துக்கு மூன்று, ஒத்திசைவுக்கு இரண்டு. பார்க்கப் போகும்போது விஜிஏ முனை உள்ள ஒரு பழைய லேப்டாப்பையும், விஜிஏவை ஐந்து பிஎன்சியாகப் பிரிக்கும் கேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள். லேப்டாப்பில் அளவை மாற்றி மாற்றிப் போட்டால், எத்தனை கிலோஹெர்ட்ஸ் வரை உண்மையில் தாங்குகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். இன்றைய ப்ளூ-ரே பிளேயரை இணைக்க, எச்டிஎம்ஐயை அனலாகாக மாற்றும் கருவி தேவை. அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

15. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இங்கே பார்க்கத்தான் வேண்டும். புதிதாக வந்தபோது ஒரு காரின் விலைக்கு விற்றவற்றை இன்று "எடுத்துக்கொண்டு போனால் போதும்" என்று கொடுப்பவர்கள் உண்டு. டியூப் போன மெஷின் இலவசமாக வந்தாலும் பேஸ்மென்டில் இடத்தை அடைக்கும் இரும்பு. ஒரு விதிவிலக்கு: உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அதே மாடல் என்றால், உதிரி பாகங்களுக்காக யோசிக்காமல் எடுத்து வையுங்கள்.

16. தூக்குவதற்கு நான்கு பேர், ஒரு தள்ளுவண்டி, அகலமான பட்டைகள் வேண்டும். லென்ஸைப் பிடித்துத் தூக்கவே கூடாது. வண்டியில் எப்போதும் வைக்கும் நிலையிலேயே வையுங்கள். லென்ஸ் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தினால் டியூபின் கழுத்திலிருக்கும் துகள்கள் உதிர்ந்து பாஸ்பரில் புள்ளி விழலாம். பேஸ்மென்ட் படி திரும்பும் இடத்தின் அகலத்தை முன்கூட்டியே அளந்துவிடுங்கள். நாங்கள் அளக்கவில்லை, பாதிப் படியில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரின் மரச்சட்டத்தைக் கழற்றும்வரை அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

17. குளிர்காலத்தில் வாங்கினால் இன்னொன்று. ஜனவரி மாதக் குளிரில் வேனில் வந்த பெட்டி, வெதுவெதுப்பான வீட்டுக்குள் வந்ததும் உள்ளும் புறமும் வியர்க்கும். அந்த ஈரத்தோடு உயர் மின்னழுத்தம் சேர்ந்தால் மெஷின் முதல் நாளிலேயே போய்விடும். எவ்வளவு ஆவலாக இருந்தாலும், லென்ஸ் மூடியைக்கூடத் திறக்காமல் ஒரு முழு நாள் அப்படியே விடுங்கள். மறுநாள் சாயங்காலம் பிளக்கைச் செருகலாம்.