பத்தமடைப் பாயும் ஆண்டிஸ் மலைத் தறியும்

நூல் என்னும் சொல் தமிழில் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிப்பது. பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பாயிரத்தில், நூல் யாக்கப்படும் முறையைப் பஞ்சு நூற்கும் பெண்ணின் தொழிலோடு பொருத்திக் காட்டுகிறார். அங்குச் சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூற்கும் பெண், அவன் வாய் அவள் கை, அவன் மதி அவள் கதிர். இந்நூற்பாவை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். தேர்வில் வினாவாகவும் கேட்கிறோம். ஆயின் கதிரையோ தறியையோ கண்ணால் கண்டவர் எத்தனை பேர் என வினவினால் வகுப்பில் அமைதியே நிலவுகிறது. அவ்வமைதியில் ஆசிரியனாகிய எனக்கும் பங்குண்டு.

அவ்வாறு வினவிய ஒரு நாளில், தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டைப் பற்றி அண்மையில் படித்த செய்தியொன்றை மாணவர்க்கு எடுத்துரைத்தேன். பெரு, பொலிவியா நாடுகளில் வாழும் கெச்சுவா, அய்மாரா மக்கள், ஸ்பானியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே நெசவில் வல்லவர்கள். அவர்தம் நெசவைக் காண்பதற்கென்றே உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் பயணம் செய்கின்றனர். சிலர் நாள்கணக்கில் தங்கி, நெய்யும் பெண்களின் அருகே அமர்ந்து, தாமும் இழை கோக்கப் பழகுகின்றனர். டிட்டிகாக்கா ஏரியிலுள்ள தக்கீலே தீவின் நெசவுக் கலையை யுனெஸ்கோ நிறுவனம் 2005-இல் மானுடத்தின் அரும்பெரும் மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. குஸ்கோ நகரில் 1996-இல் தொடங்கப்பெற்ற மரபு நெசவு மையம், மறைந்துகொண்டிருந்த உருக்களையும் இயற்கைச் சாயங்களையும் மூதாட்டியரிடம் கேட்டறிந்து இளையோர்க்குக் கற்பித்து வருகிறது.

"ஐயா, நாமும் அப்படிப் போய்ப் பார்க்க இயலுமா?" என்று ஒரு மாணவர் கேட்டார். பெரு நாட்டுக்குச் செல்ல நம்மிடம் பொருளில்லை. பத்தமடைக்குச் செல்ல ஒரு பேருந்துச் சீட்டுப் போதும்.

பத்தமடையும் பாயும்

நெல்லையிலிருந்து சேரன்மகாதேவி செல்லும் வழியில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பத்தமடை. தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயின் நீரால் வளம்பெறும் ஊர். பத்து மடைகளால் வந்த பெயர் என்று ஊரார் விளக்கம் கூறுவர். சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்ததும் இவ்வூரிலேதான். எனினும் பத்தமடை என்றவுடன் எவர்க்கும் முதலில் நினைவுக்கு வருவது பாய். அதனை நெய்துவருவோர் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பத்தினர். அவர்களுள்ளும் பெண்களே மிகுதி.

ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் வளரும் கோரையே இதற்கு முதற்பொருள். பச்சையாக அறுத்து, கீறி, வெயிலில் உலர்த்துகின்றனர். உலர்ந்ததைக் கட்டாகக் கட்டி நீரில் பல நாள் ஊறவைக்கின்றனர். ஊறிப் பருத்த கோரையை மீண்டும் உலர்த்தி, நீளவாக்கில் மெல்லியதாகக் கிழிக்கின்றனர். பாயின் தரம் பெரும்பாலும் இக்கிழிப்பிலேயே முடிவாகிவிடுகிறது. சாதாப் பாய்க்குப் பருங்கோரை போதும். பட்டுப்பாய் எனப்படும் உயர்தரப் பாய்க்கோ, கோரை நூலோடு நூலாக நிற்குமளவுக்கு நுண்ணிதாக வேண்டும். பாவும் நூறாம் நம்பருக்கு மேற்பட்ட நுண்ணிய பருத்தி நூலாக இருத்தல் வேண்டும். அத்தகைய பாயைத் துணிபோல் மடித்துச் சிறு பைக்குள் வைத்துவிடலாம். பட்டு என்னும் அடைமொழி இம்மென்மை பற்றி வந்ததே. 1953-இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்கு இவ்வூர்ப் பாய் அனுப்பப்பெற்ற செய்தியை, நாங்கள் நுழைந்த வீடுகளில் எல்லாம் பெருமையுடன் கூறினர். பிற்காலத்தில் புவிசார் குறியீடும் கிட்டியுள்ளது.

ஒரு வீட்டில் நான், "ஊடை நூல் எங்கே வாங்குகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். பாட்டியார் சிரித்துவிட்டார். நூல் பாவுக்கு மட்டுமே, ஊடை கோரை. நெசவென்றாலே இருபுறமும் நூல் என்று எண்ணியது என் ஏட்டறிவு. மாணவர் முன்னிலையில் திருத்தப்பெற்றது நன்மைக்கே ஆயிற்று. அதன்பின் அவர்களும் அஞ்சாமல் கேட்கத் தொடங்கினர்.

தரையில் அமைந்த தறி

நிலத்தில் முளைகளை அறைந்து, இருபுறமும் மூங்கிற் கழிகளைக் கட்டி, அவற்றிடையே பாவை இழுத்துப் பரப்பியிருந்தனர். நடுவே முக்காலிபோல் நின்ற மூங்கிற் கால்கள் பாவைத் தாங்கின. நெய்பவர் தரையோடு தரையாக அமர்ந்து, நீண்ட குச்சியினால் கோரையை ஒவ்வொன்றாகப் பாவினூடே செலுத்தி, அச்சினால் நெருக்குகிறார். காலால் மிதிக்கும் பலகையும் இல்லை. ஓடும் நாடாவும் இல்லை.

இதனைக் கண்டபோது படத்திற் பார்த்த அய்மாராப் பெண்டிரின் தறி என் நினைவுக்கு வந்தது. அவர்களும் நிலத்தில் நான்கு முளைகளை அறைந்து, இரு கழிகளுக்கிடையே பாவை விரித்து, மண்ணில் அமர்ந்தே நெய்கின்றனர். இவ்வொற்றுமையைக் கொண்டு இரு நாட்டார்க்கும் பண்டைத் தொடர்பு கற்பிப்பது பொருந்தாது. அத்தகைய விரைவு முடிபுகள் நம் ஆய்வுலகில் ஏற்கெனவே போதுமான அளவு உள்ளன. மரமும் கயிறும் தரையும் மட்டுமே கையிலிருந்தால் மனித அறிவு எட்டும் வழிகள் சிலவே. அங்கே ஊடும் பாவும் அல்பாக்கா, செம்மறி ஆகியவற்றின் மயிர். இங்கே கோரையும் பருத்தியும். அங்கே செந்நிறம் சப்பாத்திக்கள்ளியில் வாழும் ஒருவகைப் பூச்சியை உலர்த்திப் பொடித்ததால் வருவது. இங்கே முன்னாளில் பதிமுகம் என்னும் சாயமரக் கட்டையைக் காய்ச்சி எடுத்தது. இரண்டு இடங்களிலும் கடைச் சாயம் புகுந்து எளிமையாக்கிவிட்டது.

மொழி பயில்வோர் கருத வேண்டிய செய்தி வேறொன்றுண்டு. துணியில் எழும் உருவைக் கெச்சுவா மொழியில் பள்ளாய் என்பர். கொய்தல், பொறுக்கியெடுத்தல் என்பது அதன் அடிப்பொருள். பாவிழைகளை விரலால் பொறுக்கி உயர்த்துவதால் வந்த பெயர். தக்கீலே மக்கள் அணியும் அரைக்கச்சையில் ஆண்டின் பருவங்களும் உழவுப் பணிகளும் உருக்களாக நெய்யப்படுகின்றன. அறியாதவர்க்கு அது கச்சை. அறிந்தவர்க்கு அது நாட்காட்டி. பத்தமடையிலும் திருமணத்துக்கென நெய்யும் பாயில் மணமக்கள் பெயரையும் நாளையும் எழுத்தாக நெய்து தருவர். அதனைச் சமய வேறுபாடின்றி எல்லாரும் வாங்குகின்றனர். நாங்கள் சென்ற அன்று அத்தகைய பாய் ஒன்று தறியில் இருந்தது. நம் எழுத்துகளோ வளைவு மிகுந்தவை; பாவும் ஊடையுமோ நேர்கோடுகள். சுழியை எங்கே தொடங்கி எத்தனை இழை தாண்டி மடக்குவது என்பதைப் பாட்டியார் எண்ணிக்கொண்டே நெய்தார். ஏடு பார்த்துப் படிக்கத் தமக்கு வராது என்று இடையே அவர் சொன்னபோது, பவணந்தியாரின் உவமையை எண்ணிக்கொண்டேன்.

பயிலும் கைகள்

இனிச் சொல்வது சற்றுக் கசப்பானது. உயர்தரப் பாய் ஒன்று முடிய வாரங்கள் பலவாகும். சிலவேளை மாதமும் கடக்கும். நகரத்துக் கண்காட்சியில் அதன் விலையைக் கேட்டு மலைப்பவர் உண்டு. அவ்விலையுள் நெய்தவர்க்குச் சேர்ந்த பங்கு எவ்வளவென வினவுவார் இல்லை. பிளாஸ்டிக் பாயும் விசைத்தறிப் பாயும் சந்தையை நிரப்பிவிட்டன. பீடி சுற்றினால் கூலியாவது வாரந்தோறும் கைக்கு வருகிறது என்று ஒரு தாயார் கூறியதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

எங்களுடன் வந்த மாணவியருள் ஒருவர் இவ்வூரினர். அப்பாட்டியாரின் பேர்த்தி அவரே என்பது வீட்டு வாசலில் நின்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வகுப்பில் நான் தறியைப் பற்றிக் கேட்டபோது அவரும் அமைதியாகவே இருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், தலைகுனிந்துகொண்டார். பாட்டியாரே விடையளித்தார்: "படிக்கட்டும்னுதானய்யா இதுல உக்கார விடல." பெண்கள் கல்லூரிக்கு வரவேண்டும் என்று மேடைதோறும் வலியுறுத்தியவர்கள் நாம். வந்தார்கள். வீட்டில் தறி வெறிச்சோடியது. இரண்டும் ஒரே கையால் நிகழ்ந்தவை. எதனையும் பிழையென்று கூற எனக்கு மனம் வரவில்லை. கல்லூரிக்கு வந்த பெண் தறியை நாணத்துக்குரியதாகக் கருதும்படி நம் பாடத்திட்டம் அமைந்திருப்பதை மட்டும் பிழையெனத் தயக்கமின்றிச் சொல்வேன்.

குஸ்கோ மையத்தார் செய்ததும் பெரிய மாயம் அன்று. தெரிந்தவரைத் தேடிச் சென்று, அருகமர்ந்து, கேட்டு, குறித்து, கற்றனர். எங்கள் மாணவரும் அன்று குறிப்பேடுகளில் எழுதத் தொடங்கினர்: கோரையின் வகைகள், கருவிகளின் பெயர்கள், ஓரத்தை அறுத்து முடிக்கும் முறை, தேய்த்து மெருகேற்றும் முறை. விலை கேட்டு வருவோர்க்குப் பாட்டியார் இரண்டு நிமிடம் ஒதுக்குவார் போலும். எங்களுக்கு மாலை வரை ஒதுக்கினார். புறப்படுமுன் பேர்த்தியை அழைத்துத் தறியருகே அமர்த்தினார். மாணவி செலுத்திய முதற்கோரை பாதியிலேயே முறிந்தது. இரண்டாவது மறுகரை சேர்ந்தது. ஆயினும் தளர்வாக இருந்ததென்று பாட்டியார் அதை உருவியெடுத்துவிட்டார். அடுத்தவர் திருமணப் பாய் அல்லவா.

கோரை அறுப்பையும் ஊறவைப்பதையும் காண மீண்டும் வரலாமா என்று கேட்டோம். மழைக்காலத்தில் கோரை உலராது. தை பிறந்தபின் வாருங்கள் என்றார்.