ஒரு மைக்ரான் தவறினால்

மரக்காணம் உப்பளப் பாத்தியில் நடப்பதுதான் எம்.எஸ்சி. மாணவரின் பீக்கரிலும் நடக்கிறது. தண்ணீர் ஆவியாகப் போக, உப்பு படிகமாகிறது. பாத்தியில் பொடிக்கல்லாய் வருவதை, பீக்கரில் வாரக்கணக்கில் காத்திருந்து ஒற்றைக் கல்லாக எடுக்கிறோம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரி ஆய்வகங்களில் அப்படிக் காத்திருப்பவர்களுக்கு, கடினத்தன்மை அளக்கப் போகும் முன் சில வார்த்தைகள்.

செய்ய வேண்டியவை

• எந்த முகத்தில் அளக்கிறீர்கள் என்று முதலில் நோட்டில் எழுதுங்கள். கே.டி.பி. (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்) படிகத்தின் பட்டக முகமும் கூம்பு முகமும் ஒரே எண்ணைத் தராது.

• விரிசலோ உள்ளே சிக்கிய கரைசலோ இல்லாத தெளிந்த கல்லாகப் பொறுக்குங்கள். அடிப்பக்கமும் சமமாக இருக்கட்டும். கல் சாய்ந்தால் வைர முனை பதிக்கும் சதுரத் தடம் பட்டம்போல் கோணிக்கொள்ளும்.

• லேசாக ஈரம் தொட்ட பட்டுத்துணியில் முகத்தைத் தேய்த்து, உடனே வடிதாளில் ஒற்றி எடுங்கள்.

• தடத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சராசரி எடுங்கள். இதில்தான் பொறுமை வேண்டும். விக்கர்ஸ் கருவியின் வைர முனை, எதிரெதிர் முகங்களுக்கிடையே 136 பாகை கொண்ட சதுரக் கூம்பு. கிலோகிராமில் உள்ள சுமையை 1.8544-ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் உள்ள மூலைவிட்டத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 50 கிராம் சுமையில் 32 மைக்ரான் என்றால் விடை ஏறத்தாழ 90.5, 33 என்று படித்துவிட்டால் 85. சுமை 10 கிராமாக இருந்து, 15 மைக்ரானை 16 என்று படித்தால் 82 என்பது 72 ஆகிவிடும். சிறிய சுமையில் கண் தவறுவதன் விலை அதிகம். அதனால் ஒவ்வொரு சுமைக்கும் ஐந்து தடமாவது பதியுங்கள்.

செய்யக்கூடாதவை

• எல்லாப் படிகத்தையும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்காதீர்கள். கே.டி.பி.க்குச் சரி, அதில் படிக நீர் இல்லை. துத்தநாக சல்பேட்டில் ஏழு மூலக்கூறு நீர் உண்டு. அப்படி ஒரு கல்லைச் சென்னைக்குக் கொண்டுபோக, பத்திரமாக இருக்கட்டும் என்று சிலிக்கா ஜெல்லோடு மூடி வைத்தேன். திறந்தபோது முகமெல்லாம் வெள்ளை மாவு பூத்திருந்தது. ஒரு மாத வேலை போயிற்று.

• தடங்களை நெருக்கிப் பதியாதீர்கள். மூலைவிட்டத்தைப்போல் மூன்று மடங்காவது இடைவெளி விடுங்கள்.

• மூலையில் விரிசல் ஓடிய தடத்தைச் சராசரியில் சேர்க்காதீர்கள். எந்தச் சுமையில் விரிசல் தொடங்கியது என்பதை மட்டும் தனியே குறியுங்கள், அதுவும் ஒரு முடிவுதான்.

• ஒரே சுமையில் கிடைத்த எண்ணை அந்த உப்பின் கடினத்தன்மை என்று எழுதாதீர்கள். சுமை மாறினால் எண்ணும் மாறும். 10, 25, 50, 100 கிராம் என்று போய், எண்ணோடு சுமையையும் எழுதுங்கள். சுமை–மூலைவிட்ட மடக்கை வரைபடத்தின் சாய்வான மெயர் எண் 1.6-ஐத் தாண்டினால் மென்மையான பொருள் என்பார்கள். அதைச் சொல்லும் முன் அந்த வரைபடத்தில் புள்ளிகள் கோட்டில் உட்காருகின்றனவா என்று பாருங்கள்.

• ஐப்பசி, கார்த்திகை மழையில் தடத்தைப் படமெடுக்க மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். ஈரக்காற்றில் ஓரம் மழுங்கிவிடும், பிறகு எது மூலை என்றே தெரியாது.