அறை வெப்பமும் வாட் கணக்கும்: விளையாட்டுக் கணினியைக் குளிர்வித்தல்

விளையாட்டுக் கணினியை அசெம்பிள் செய்வோரில் பலர் பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் முதலில் உறுதிசெய்துவிட்டு, மிஞ்சிய பணத்துக்குள் கூலரையும் கேபினட்டையும் அடக்கப் பார்க்கின்றனர்; சென்னை ரிச்சி தெருவில் எழுதித்தரப்படும் கொட்டேஷன்களும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் அமைகின்றன. ஆனால் கணினி இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியேறுவதால், எவ்வளவு வெப்பத்தைச் சமாளிக்க வேண்டியிருக்கும் என்பது பிராசஸரும் கார்டும் முடிவாகும்போதே முடிவாகிவிடுகிறது.

முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது அறையின் வெப்பநிலை. காற்றாலோ நீராலோ இயங்கும் வழக்கமான கூலர் எதுவும் தன்னைச் சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க இயலாது. அக்காற்றுக்கு மேல் எத்தனை பாகை உயரலாம் என்பதை மட்டுமே அது கட்டுப்படுத்துகிறது. மதிப்பாய்வுகள் பொதுவாக 21 முதல் 23 பாகை செல்சியஸ் அளவிலான அறைகளில் செய்யப்படுகின்றன, ஏ.சி. இல்லாத சென்னை அறையிலோ கத்திரி வெயில் காலத்துப் பிற்பகலில் 35 பாகை இருப்பது இயல்பு. ஆகவே மதிப்பாய்வில் 72 பாகை காட்டிய கார்டு இங்கே 84, 85ஐ எட்டும், அல்லது ஃபேனை இரைச்சலோடு சுழலவிட்டு அதைத் தவிர்க்கும். ஏ.சி. உள்ள அறையிலும் கணக்கு முற்றிலும் மாறிவிடுவதில்லை: 500 வாட் இழுக்கும் கணினி, சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும் 1 டன் ஏ.சி.யின் திறனில் ஏழில் ஒரு பங்கைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது.

பிராசஸரைப் பொறுத்தவரை, 2023இல் வந்த இன்டெல் கோர் ஐ9-14900கே முழுச் சுமையில் 253 வாட் வரை செல்லுமாறு வரையறுக்கப்பட்டது. அதே ஆண்டில் வந்த ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி, கோர்களின் மேல் அடுக்கப்பட்ட கூடுதல் கேஷ் நினைவகத்தின் துணையால், விளையாட்டுகளில் 100 வாட்டுக்கு வெகு கீழே நின்றே அதற்கு ஈடுகொடுத்தது. இவ்வடுக்கு கோர்களின் வெப்பம் மேலேறத் தடையாக இருந்ததால் அதன் உச்ச வெப்பநிலை 89 பாகையாகக் குறைத்து வைக்கப்பட்டது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷ் கோர்களின் அடிப்பக்கத்துக்கு மாற்றப்பட்டு அக்குறை நீங்கியது. விளையாட்டே முதன்மையான பயன் எனில், வாட் குறைந்த பிராசஸரோடு நல்ல காற்றுக் கூலர் ஒன்றை இணைப்பதே, சூடான பிராசஸரை விலையுயர்ந்த நீர்க் கூலரால் அடக்க முயல்வதைவிட அறிவுடைமை.

கிராபிக்ஸ் கார்டுகளுக்கிடையே உள்ள வேறுபாடு இன்னும் பெரிது. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட்டிலும் 4070 கார்டு 200 வாட்டிலும் நிற்க, 2025இல் வந்த 5090 கார்டு 575 வாட் கேட்கிறது. கார்டு இழுக்கும் மின்சாரத்துக்கு மென்பொருள்வழி விதிக்கப்படும் உச்சவரம்பாகிய பவர் லிமிட்டை நூற்றுக்கு எண்பதாக இறக்கினால், பெரிய கார்டுகளில் ஃபிரேம் இழப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே இருக்கும், வெப்பமோ தெளிவாகக் குறையும். காசு செலவில்லாத இவ்வழியைக் கடைக்காரர்கள் எடுத்துரைப்பது அரிது.

அடுத்தது கேபினட்டின் காற்றோட்டம். அதன் ஃபேன்கள் வெளித்தள்ளும் காற்றைவிட உள்ளிழுக்கும் காற்று சற்று மிகுந்திருப்பதே பாசிட்டிவ் பிரஷர் எனப்படும். இந்நிலையில் இடுக்குகள்தோறும் காற்று வெளியேறுமேயன்றி உட்புகாது. ஆகவே தூசி, வடிகட்டி உள்ள வழியாக மட்டுமே வரும். இயங்கும் கேபினட்டின் இடுக்குகளருகே ஊதுபத்தியைப் பிடித்தால் புகை எப்பக்கம் இழுபடுகிறது என்பது உடனே விளங்கும். முகப்பு முழுதும் கண்ணாடியாய் அடைபட்டு, பக்கவாட்டிலோ அடியிலோ போதிய உள்வழியும் இல்லாத கேபினட்டில் எத்தனை வண்ண விளக்கு ஃபேன்களைப் பொருத்தினாலும் உள்ளே சுழல்வது சூடான காற்றே; முகப்பில் வலைத்துளை உள்ள எளிய கேபினட், அலங்காரம் குறைந்ததாயினும், பணிக்கு உகந்தது.

நீர்க் கூலர் தேவைப்படும் இடத்தில், ரேடியேட்டரின் உச்சி பம்புக்கு மேலே இருக்குமாறு பொருத்துதல் வேண்டும். இல்லையேல் காற்றுக் குமிழிகள் பம்பில் தங்கி இரைச்சலையும் தேய்மானத்தையும் உண்டாக்கும். கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். தேர்வில், மின் சிக்கனத்தைச் சோதித்து வழங்கப்படும் 80 பிளஸ் முத்திரையை மட்டும் நம்புதல் போதாது. அச்சோதனை 23 பாகையில் நடத்தப்படுவதால், முழு வாட்டையும் 50 பாகையிலும் தருவதாக உற்பத்தியாளர் உறுதியளிக்கிறாரா என்று பார்த்தல் நலம்.

பழைய கணினி திடீரெனச் சூடேறினால், புதுக் கூலர் வாங்குமுன் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிவிட்டு அதே விளையாட்டை ஓட்டிப் பார்க்கலாம். வெப்பம் ஐந்தாறு பாகை சரிந்தால் குறை காற்றோட்டத்தில் உள்ளது. சரியாவிடில் ஹீட்சிங்கின் ஃபேனைக் கழற்றிப் பார்க்க வேண்டும், ஏனெனில் தகடுகளின் வாயில் கம்பளிபோல் படிந்த தூசி ஃபேன் இருக்கும்வரை கண்ணில் படாது. அங்கும் தூசி இல்லையெனில் காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றலாம். புளோவரால் ஊதும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டற்றுச் சுழலவிட்டால் அதன் பேரிங் கெடும்.