இந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது?

மாலை ஆறரை மணி. மையத்தில் ஐந்து பேர் இருந்தோம். தையல் குழு அக்கா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். குழுவின் சேமிப்புக் கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தார். பதினெட்டுப் பெண்களின் கணக்கு அது. யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு கடன், எல்லாம் அந்தக் கணினியில்தான் இருந்தது.

அக்கா திடீரென்று என்னைக் கேட்டார்.

"தங்கச்சி, முன்னெல்லாம் ஒரு சின்னப் பெட்டி வருமே. அப்டேட், அப்டேட்னு கேக்குமே. அது ஏன் இப்ப வர்றதே இல்ல?"

எனக்குப் பதில் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தது.

எங்கள் மையம் கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் உள்ளது. இங்கே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. அதன் பிறகு பலர் தினமும் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அதனால் எங்கள் வகுப்பு மாலையில்தான். மையத்தில் ஒரு பழைய கணினி உண்டு. இணையத்துக்கு என் போன்தான். போனில் டேட்டா கொஞ்சம்தான் இருக்கும். அப்டேட் வந்தால் அது தீர்ந்துவிடும். அதனால் முதலில் "பிறகு பார்க்கலாம்" என்ற பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தேன். அப்புறம் ஒரு நாள் அந்தப் பெட்டியே வராதபடி நிறுத்திவிட்டேன். நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

இதை அக்காவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "சரி, அது எதுக்கு வருதுன்னு இப்பவாவது சொல்லு" என்றார்.

ஓட்டையும் திருத்தமும்

எங்கள் கணினியில் இருப்பது லினக்ஸ். கணினியை இயக்குகிற அடிப்படை மென்பொருள் அது. 1991ல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் இதைத் தொடங்கினார். பிறகு உலகம் முழுவதும் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். லினக்ஸில் பல வகை உண்டு. எங்களிடம் இருப்பது உபுண்டு. அது 2004ல் வந்தது.

மென்பொருளை எழுதுகிறவர்கள் மனிதர்கள். தவறு வரத்தான் செய்யும். சில தவறுகள் வீட்டுச் சுவரில் உள்ள ஓட்டை மாதிரி. அந்த வழியாகத் திருடன் உள்ளே வரலாம். தவறு தெரிந்ததும் அதை எழுதியவர்கள் திருத்துகிறார்கள். திருத்தியதை எல்லாக் கணினிக்கும் அனுப்புகிறார்கள். அதுதான் அப்டேட்.

இதில் ஒரு விஷயத்தை நான் முன்பு யோசித்ததே இல்லை. திருத்தம் வெளியே வந்ததும், ஓட்டை எங்கே இருந்தது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். திருடனுக்கும் தெரியும். அவன் எந்தக் கணினியில் அந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை என்று தேடுவான். ஆகவே திருத்தம் வந்த பிறகு சும்மா இருப்பதுதான் அதிக ஆபத்து. நான் ஐந்து மாதம் சும்மா இருந்தேன்.

நெட் மேல் பழி

உடனே அப்டேட் செய்யப் பார்த்தேன். "சாஃப்ட்வேர் அப்டேட்டர்" என்ற பெட்டியைத் திறந்தேன். கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு, தகவலை இறக்க முடியவில்லை, இணைய இணைப்பைச் சரிபாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னது.

போனில் டேட்டா தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். கடைக்கு ஓடி ரீசார்ஜ் செய்தேன். மறுபடியும் அதே பதில். ஆனால் செய்தித்தாள் பக்கம் நன்றாகத் திறந்தது. வீடியோவும் ஓடியது. அப்படியானால் கோளாறு நெட்டில் இல்லை.

டெர்மினல் என்று ஒரு கருப்பு ஜன்னல் உண்டு. அதில் கட்டளையை எழுத்தாக அடிக்க வேண்டும். "சுடோ ஆப்ட் அப்டேட்" என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். "கடை கடையாகப் போய்ச் சரக்குப் பட்டியலை வாங்கி வா" என்பது இதன் பொருள். வரி வரியாகப் பதில் வந்தது. ஒவ்வொரு வரியும் ஒரு சொல்லில் தொடங்கியது. "ஹிட்" என்றால், பட்டியல் பழையபடியே இருக்கிறது. "கெட்" என்றால், புதுப் பட்டியல் வந்தது. "எர்" என்றால் தவறு. ஒரே ஒரு வரியில்தான் "எர்" இருந்தது. அந்த வரியில் இருந்த முகவரி எனக்குத் தெரியாத முகவரி.

பின்னால் நின்ற தம்பி மெதுவாகச் சொன்னான். அவன் அக்காவின் மகன். பத்தாவது படிக்கிறான்.

"அக்கா, அது நான் போட்டதுதான். வீடியோ இறக்க ஒரு புரோகிராம் தேடினேன். ஒரு பக்கத்துல மூணு வரி எழுதியிருந்துச்சு. அப்படியே அடிச்சேன்."

"பாஸ்வேர்டு கேட்டிருக்குமே?"

"நீங்கதான் சுவத்துல எழுதி ஒட்டியிருக்கீங்களே, அக்கா."

உண்மைதான். எல்லோரும் படிக்கட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று இரவே அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

கடை, முத்திரை, சாவி

லினக்ஸில் புது மென்பொருள் வேண்டுமானால் கண்ட இடத்தில் தேட வேண்டியதில்லை. உபுண்டுவை நடத்துகிறவர்களே ஒரு பெரிய கிடங்கு வைத்திருக்கிறார்கள். அதன் நகல் பல நாடுகளில் இருக்கிறது. எந்தக் கிடங்கில் வாங்க வேண்டும் என்ற முகவரி நம் கணினியிலேயே எழுதியிருக்கும். புது மென்பொருளும் அங்கிருந்துதான் வரும். திருத்தமும் அங்கிருந்துதான் வரும். பயர்பாக்ஸ் போன்ற சில மட்டும் வேறு வழியாக வந்து தாமே புதுப்பித்துக்கொள்ளும்.

நெய் வாங்கும்போது அக்மார்க் முத்திரை பார்க்கிறோம் அல்லவா? கிடங்கின் பட்டியலிலும் ஒரு முத்திரை உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. கணினி அதைச் சரிபார்க்கும். வழியில் யாராவது சரக்கை மாற்றி வைத்தால் முத்திரை பொருந்தாது. கணினி அதை வாங்காது.

ஆனால் முத்திரைக்கும் ஓர் எல்லை உண்டு. இன்னார் அனுப்பினார் என்பதை மட்டும் அது சொல்லும். அவர் நல்லவரா என்பதைச் சொல்லாது. தம்பி செய்தது என்ன? முகம் தெரியாத ஒருவரின் கடையையும், அவருடைய முத்திரையையும் சேர்த்து "இதுவும் சரி" என்று எழுதிக் கொடுத்துவிட்டான். பாஸ்வேர்டையும் போட்டுவிட்டான். பாஸ்வேர்டு என்பது வீட்டுச் சாவி. அந்த ஆள் நாளைக்கு எதை அனுப்பினாலும் நம் கணினி அப்டேட் என்று நம்பி வாங்கி வைத்துக்கொள்ளும். பதினெட்டுப் பேர் கணக்கும் அதே கணினியில்தான் இருந்தது.

நல்ல வேளை. அந்தக் கடையில் எங்கள் உபுண்டுவுக்கான சரக்கே இல்லை. அதனால்தான் "எர்" வந்தது. அந்த ஒரு கடை பதில் சொல்லாததால் அப்டேட்டர் பெட்டி முழுவதுமாக நின்றுவிட்டது. நெட் மேல் பழி போட்டது.

வெளிக் கடை எல்லாமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. சில மென்பொருளை அதை எழுதியவர்களே தனியாக நல்ல முறையில் தருகிறார்கள். ஆனால் சேர்ப்பதற்கு முன்பு கேளுங்கள். இது யாருடையது? உபுண்டு கிடங்கிலேயே இதுபோல் ஒன்று இல்லையா? வீடியோ பார்ப்பதற்கு அங்கேயே நல்ல மென்பொருள் இருந்தது. தம்பி தேடவே இல்லை.

சரி செய்தோம்

முதலில் அக்கா கணக்கை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்தார். அவரிடம் நோட்டுப் புத்தகத்திலும் அதே கணக்கு இருந்தது. "கம்ப்யூட்டரை நம்பி நோட்டை விட்டுடுவேனா?" என்றார்.

பிறகு "சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்" என்ற பெட்டியைத் திறந்தோம். மேலே சில தலைப்புகள் இருந்தன. "அதர் சாஃப்ட்வேர்" என்பதை அமுக்கினோம். வெளிக் கடைகள் அங்கேதான் வரிசையாக இருக்கும். தம்பி சேர்த்த கடைக்கு முன்னால் டிக் இருந்தது. தம்பியையே எடுக்கச் சொன்னேன். எடுத்தான்.

அடுத்து "அப்டேட்ஸ்" என்ற தலைப்பு. நான் "நெவர்" என்று வைத்திருந்தேன். ஒருபோதும் வேண்டாம் என்று பொருள். அதை "டெய்லி" என்று மாற்றினேன். தினமும் பார் என்று பொருள். பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே இறக்கிப் போட்டுக்கொள்ளவும் சொன்னேன். பெட்டியை மூடும்போது, பட்டியல் பழையது, புதிதாக வாங்கட்டுமா என்று கேட்டது. "ரீலோட்" என்பதை அமுக்கினோம்.

இப்போது அப்டேட்டர் ஒழுங்காக வேலை செய்தது. ஐந்து மாதத்துச் சரக்கு மொத்தமாக வந்தது. என் டேட்டா தீர்ந்தது. தாத்தா தன் போனைக் கொடுத்தார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியிருந்தால் இந்தப் பாடு இல்லை.

பாதியில் கரண்ட் போனது.

எங்கள் ஊரில் இது புதிதல்ல. ஆனால் அப்டேட் நடக்கும்போது கணினி நின்றால் பாதி புதிதும் பாதி பழையதுமாக இருக்கும். சில சமயம் கணினி மறுபடி கிளம்பாமலும் போகலாம். அக்கா பென்டிரைவைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து கரண்ட் வந்தது. கணினி கிளம்பியது. டெர்மினலில் மறுபடி அப்டேட்டைத் தொடங்கினேன். வேலை பாதியில் நின்றிருக்கிறது, இந்தக் கட்டளையை அடியுங்கள் என்று கணினியே எழுதிக் காட்டியது. "சுடோ டிபிகேஜி" என்று தொடங்கும் கட்டளை அது. திரையில் இருந்ததை எழுத்துக்கு எழுத்து பார்த்து அடித்தேன். நின்ற இடத்திலிருந்து வேலை தொடர்ந்தது. ஒன்பது மணிக்கு முடிந்தது. கணக்கைத் திறந்து பார்த்தோம். ஒரு பைசா மாறவில்லை.

உங்கள் ஊரிலும் கரண்ட் அடிக்கடி போகுமா? யுபிஎஸ் இருந்தால் அதில் இணைத்துச் செய்யுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

தாத்தாவின் கேள்வி

தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எதையும் சுலபத்தில் நம்ப மாட்டார்.

"ஏம்மா, அந்தப் பெரிய கிடங்குலயே எவனாவது கலப்படம் பண்ணிட்டா?"

நல்ல கேள்வி. அப்படி ஒரு முயற்சி உண்மையிலேயே நடந்தது. எக்ஸ்இசட் என்று ஒரு சிறு மென்பொருள் உண்டு. பெரிய கோப்பைச் சுருக்கி வைக்கும். பல லினக்ஸ் வகைகள் இதைப் பயன்படுத்துகின்றன. ஒருவர் புனைபெயரில் வந்து இரண்டு ஆண்டுக்கு மேல் இதற்கு உதவி செய்தார். நம்பிக்கை பெற்றார். பொறுப்பும் கைக்கு வந்தது. பிறகு உள்ளே ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார்.

2024 மார்ச் மாதம் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே, ஏன் என்று தேடினார். கள்ளக் கதவு தெரிந்தது. மார்ச் 29ல் எல்லோருக்கும் சொன்னார். சோதனையில் இருந்த லினக்ஸ் வகைகளுக்குத்தான் அது போயிருந்தது. மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் உபுண்டுவுக்கு வரவில்லை. அப்போது உபுண்டு 24.04 தயாராகிக்கொண்டிருந்தது. சந்தேகம் வேண்டாம் என்று சரக்கை எல்லாம் புதிதாகச் செய்தார்கள். அதன் சோதனை வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த 24.04தான் எங்கள் கணினியில் இருக்கிறது.

சோதனையில் இருக்கும் சரக்கையும் கேட்டு வாங்கலாம். அதற்குத் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் அதில் டிக் போட வேண்டாம்.

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அரை நொடியா?" என்று மட்டும் கேட்டார்.

கணக்குப் போடுங்கள்

உபுண்டுவின் பெயரில் உள்ள எண் ஒரு தேதி. 24.04 என்றால் 2024, நான்காம் மாதம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஏப்ரலில் நீண்ட கால வெளியீடு வரும். அதற்கு ஐந்து ஆண்டு திருத்தம் தருகிறார்கள். பதிவு செய்துகொண்டால் இன்னும் சில ஆண்டு கிடைக்கும். அதற்குப் பிறகு கிடங்கிலிருந்து ஒன்றும் வராது. புது வெளியீட்டுக்கு மாற வேண்டும்.

உங்கள் மையத்துக் கணினியில் "செட்டிங்ஸ்" திறந்து, "அபௌட்" என்ற இடத்தில் எண்ணைப் பாருங்கள்.

1. 24.04க்கு எந்த ஆண்டு வரை திருத்தம் வரும்?
2. 20.04 என்று இருந்தால் என்ன செய்வீர்கள்?
3. உங்கள் கணினியில் வெளிக் கடை ஏதாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா? அதைச் சேர்த்தது யார்?
4. பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும்?

முதல் கேள்விக்கு அக்கா கரும்பலகையில் 2029 என்று எழுதினார். இரண்டாவது கேள்விக்குத் தம்பி கையைத் தூக்கினான்.