இரண்டு சிப்பாய்கள், ஒரு கிரீடம்

கேள்வி: ‘தி மேன் ஹூ வுட் பி கிங்’ படத்தைச் சிலர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். சிலர் வெள்ளைக்காரத் திமிர் என்று ஒதுக்குகிறார்கள். நீங்கள் எந்தக் கட்சி?

பதில்: கொண்டாடும் கட்சிதான், சில முணுமுணுப்புகளோடு. கிப்ளிங் 1888-ல் எழுதிய கதையை 1975-ல் ஜான் ஹூஸ்டன் படமாக்கினார். பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்திலிருந்து வெளியே வந்த இரண்டு எத்தர்கள், மதுவையும் மாதுவையும் தொடுவதில்லை என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ராஜாவாகிவிட மலைநாடான காஃபிரிஸ்தானுக்குக் கிளம்புகிறார்கள்!

திமிர் என்பவர்கள் பேச்சிலும் நியாயம் உண்டு. மலைவாசிகள் பலரும் ஏமாறுவதற்கென்றே பிறந்தவர்கள்போல வருகிறார்கள். ஆனால், கதை தண்டிப்பது யாரை? அம்பு பாய்ந்தும் ரத்தம் வராததால் கடவுளாக்கப்பட்ட ஒரு எத்தன், போகப்போகத் தானே அதை நம்ப ஆரம்பிக்கிறான். ஒப்பந்தத்தை மீறிக் கல்யாணத்துக்கு நிற்கிறான். மணப்பெண் கடித்த கடியில் ரத்தம் எட்டிப் பார்க்க, சாமி வேஷம் கலைந்துவிடுகிறது. சாம்ராஜ்யக் கனவுக்கு இதைவிடப் பெரிய நக்கல் உண்டா?

ஹூஸ்டன் முதலில் நினைத்திருந்தது ஹம்ப்ரி போகார்ட், கிளார்க் கேபிள் ஜோடியை. இருவரும் காலமாகிவிட, படம் வருஷக்கணக்கில் தள்ளிப்போனது. நல்லதாயிற்று; ஷான் கானரியும் மைக்கேல் கெய்னும் கிடைத்தார்கள். இந்துகுஷ் மலைப் பக்கத்துக் கதையைப் பெரும்பாலும் மொராக்கோவில் எடுத்தார்கள் என்றால் நம்புவது கஷ்டம். பில்லி ஃபிஷ்ஷாக வரும் நம்மூர் சயீத் ஜாஃப்ரியைத் தவறவிடாதீர்கள். ஆரம்பம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.